பாஸ்போர்ட்டில் நான் அக்காவுக்கு மூத்தவன்

அக்கா விழுந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் கோழிக்கூட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள். போனுக்குள் அக்காவின் முகம் பக்கவாட்டில், தலையணையோடு சேர்ந்து தெரிந்தது. அக்கா இருப்பது இந்தியாவில், கூடலூர்ப் பக்கம், மகள் வீட்டில். குளிக்கப் போன இடத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு போய்விட்டது. வயதைப் பார்த்து டாக்டர்கள் கத்தி வைக்கவில்லை.

“என்னக்கா இப்படி ஆகிப்போச்சு?” என்றேன்.

“என்னத்த ஆகிப்போச்சு. இனிமே எந்திரிக்க மாட்டேன்னு டாக்குத்தரு சொல்லிட்டாரு. ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா. இந்தப் போனுக்குள்ள பாத்தா உன் மூக்கு மட்டும்தான் தெரியுது.”

அக்காவை நான் நேரில் பார்த்து ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ரெண்டு நாட்டு ஒப்பந்தம் என்று சொல்லித் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், அவள் புருஷன் வீட்டாருக்கு இந்தியா என்று வந்தது. எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் இங்கே, இலங்கையில், பிரஜாவுரிமை கிடைத்தது. ஒரே லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீட்டில், நான்கு காம்பரா தள்ளி இருந்தவள் ஒரே கடுதாசியில் கடலுக்கு அந்தப் பக்கம் ஆகிவிட்டாள்.

பதுளை ஸ்டேஷனில் அன்றைக்கு நிற்க இடமில்லை. பெட்டிகள், பாய்கள், அம்மிக்கல். அம்மிக்கல்லைக் கூடவா தூக்கிப் போவார்கள் என்று இப்போது நினைக்கலாம். போகிற இடத்தில் அம்மி இருக்குமா என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஆட்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா அழவில்லை. கோச்சி நகர ஆரம்பித்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “டேய், அடுப்புல பருப்பு வச்சது வச்ச மேனிக்குக் கெடக்கு, போயி எறக்குடா” என்று கத்தினாள். நான் ஸ்பிரிங்வெளி ரோட்டில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். பருப்பு தீய்ந்து கரியாகிக் கிடந்தது. அந்தச் சட்டியை அம்மா கடைசி வரை கழுவிப் புழங்கினாள்.

பிறகு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். முதலில் போக வழியில்லை. அப்புறம் பிள்ளைகள். அப்புறம் நாட்டில் பிரச்சினை. அது முடிந்தபோது தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி வெட்டி என் தோள் இறங்கிவிட்டது. அப்புறம் போன் வந்தது. போனில் தினமும் பார்க்கிற ஆளை நேரில் போய்ப் பார்ப்பதற்கு அவசரம் தோன்றுவதில்லை. இப்போதுதான் தோன்றியது.

மகன் வற்புறுத்தி எடுத்து வைத்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. அதையும் அக்கா சொல்லி மகள் எழுதி அனுப்பிய அழைப்புக் கடிதத்தையும் அக்காவின் ஆதார் அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடைக்குப் போனேன். பாஸ்போர்ட், விசா, பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்பார்கள். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நல்ல பொறுமைசாலி. விசா பாரத்தில் இருக்கிற கேள்வியையெல்லாம் படித்துப் படித்துச் சொன்னார்.

“இதுக்கு முந்தி இந்தியாவுக்குப் போயிருக்கீங்களா ஐயா?”

“இல்லைங்க.”

“ஒரு தடவகூட?”

“எங்க தாத்தா அங்கேருந்து வந்தாரு. நாங்க போகல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே எழுதுகிற கடுதாசியிலெல்லாம் எங்களை இந்தியத் தமிழர் என்றுதான் எழுதுகிறார்கள். அந்த இந்தியாவைப் பார்க்க முப்பது நாளுக்கு அனுமதி கேட்டுப் பாரம் நிரப்புகிறோம். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் பாஸ்போர்ட்டையும் அக்காவின் ஆதார் அட்டையின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கடிதத்துல ‘என் தம்பி வருகிறார்’னு அந்த அம்மா சொல்லியிருக்காங்க. பாஸ்போர்ட்டுல நீங்க அவங்களவிட ரெண்டு வயசு மூப்பு.”

ஆமாம். பாஸ்போர்ட்டில் நான் மூப்புதான். அது என்ன கதை என்று அவர் கேட்டார். கடையில் வேறு ஆள் இல்லாததால் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு மேலே ஒரு அண்ணன். அக்காவுக்கு ரெண்டு வயது மூத்தவன். நான் அக்காவுக்கு ரெண்டு வயது இளையவன். நான் அம்மா வயிற்றில் இருக்கும்போது அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துத்தண்ணி கொடுத்தார்கள். பதுளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்குப் பிறப்புச் சர்ட்டிபிகேட் இருந்தது. இறப்பைப் பதியவில்லை. நான் பிறந்தபோது அப்பா என்னைப் பதியவில்லை. செத்தவனைப் பதியப் போக மனசு வரவில்லை, அவனைப் பதியாமல் இவனை மட்டும் பதியவும் மனசு வரவில்லை என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அது நிஜமா, வேலைநாளில் டவுனுக்குப் போகச் சோம்பலா, எனக்குத் தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது வீட்டில் கஷ்டம். தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் பெரியாள் சம்பளம். அதற்குப் பதினாறு வயது வேண்டும். அப்பா தகரப்பெட்டியைத் திறந்து அண்ணனின் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனார். கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவனுக்குப் பதினாறா?”

“சோறு பத்தலைங்க. அதான் வளத்தி இல்ல.”

“மீசைக்கும் சோறு பத்தலையா?”

அங்கே இருந்த கங்காணி சிரித்தார். கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். எல்லோருக்கும் தெரியும். எங்கள் லயத்திலேயே இப்படி அடுத்தவர் கடுதாசியில் பேர் பதிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பெண் தன் சித்தியின் சர்ட்டிபிகேட்டில் கொழுந்து எடுத்தாள்.

மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில் நின்றோம். வேலைக்குப் போகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம் அது. பனி முகத்தில் அடித்தது. கங்காணி அண்ணனின் பேரைக் கூப்பிட்டார். நான் “ஐயா” என்றேன். கூடையோடு பெண்கள் பக்கம் நின்ற அம்மா சட்டென்று திரும்பி, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் கொங்காணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். சணல் சாக்கை மடித்துத் தலையில் போடுவதுதான் கொங்காணி, மழைக்கும் பனிக்கும். அன்றைக்கு மழை இல்லை. அதன்பிறகு அம்மா வேலையை விடும் வரைக்கும், ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பேரைக் கேட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறினாள். ஒருநாளும் என்னை அந்தப் பேரில் அவள் கூப்பிட்டதில்லை. வீட்டில் நான் சின்னவன். அவ்வளவுதான்.

அந்தக் கடுதாசியில்தான் ஐடென்டிட்டி காட் எடுத்தேன், கல்யாணம் பதிந்தேன், நாலு வருடம் முந்தியே வேலையிலிருந்து ஓய்ந்தேன். மகன் எனக்கு அறுபது என்று கேக் வெட்டியபோது எனக்கு ஐம்பத்தாறு. கேக்கைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

“ஐயா, இதையெல்லாம் கவுண்டர்ல சொன்னா வெளங்காது. பாஸ்போர்ட்டே பொய்யான்னு கேட்டா என்ன செய்வீங்க? லேசான வழி ஒண்ணு இருக்கு. கடிதத்த மாத்தச் சொல்லுங்க. தம்பிக்குப் பதிலா அண்ணன்னு போடச் சொல்லுங்க.”

அன்று பின்னேரமே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“செத்துப்போனவனக் கூப்பிட்டு எழுதச் சொல்றியா?” என்றாள்.

“ஒரு கடுதாசிக்குத்தானே அக்கா.”

“அப்பனும் இதத்தான் சொன்னாரு. ஒரு கடுதாசிக்குத்தானேன்னு. அம்மா அதுக்கப்புறம் எத்தன நாளு சரியா சோறு திங்கலன்னு உனக்குத் தெரியுமா? நீ வேல செஞ்ச களைப்புல தூங்கிப்போயிருவ. நான்தானே பக்கத்துல படுத்தேன்.”

“அப்ப நான் வரலைன்னு விட்டுருவமா?”

“உன்னைய இடுப்புல தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு கோணிப்போச்சுன்னு ஊரே சொல்லும். இப்ப அந்த இடுப்பும் ஒடஞ்சு கெடக்கு. உனக்கு நான் தங்கச்சியா? வையிடா போன.”

வைத்துவிட்டாள். ஒரு வாரம் பேசவில்லை. தினமும் காலை தேத்தண்ணி நேரத்துக்கு வருகிற போன் வரவில்லை. நான் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். என் மனைவி அதற்கும் ஒன்று சொன்னாள்.

“ஏங்க, நீங்க உங்க அண்ணன் பேர்ல இருந்தா, நான் யாருகிட்ட தாலி வாங்கினேன்?”

“என்கிட்டத்தான் புள்ள.”

“ரிஜிஸ்டர்ல அப்படி இல்லையே. சரி, அவரும் நல்லவராத்தான் இருந்திருப்பாரு.”

அவள் சிரிப்பு காட்டத்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்க அண்ணன் ஞாபகம். அவன் முகம் எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது, அப்போது அவளுக்கு ரெண்டு வயது. அவனுக்குப் போட்டோ இல்லை. அவனிடம் இருந்தது ஒரு பேரும் ஒரு பிறந்த தேதியும். ரெண்டையும் நான் எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் கடைக்காரரின் போனுக்குப் புதுக் கடிதம் வந்தது. ‘என் அண்ணன்’ என்றுதான் இருந்தது. கீழே அக்காவின் கைநாட்டு. அன்றைக்கே போனும் வந்தது.

“அண்ணே, சாப்டீங்களா?”

“அக்கா, வேணாம்.”

“பழகிக்கிறேன் அண்ணே. ஆபீசுல கேட்டாங்கன்னா வாய் தவறக்கூடாதுல்ல? வரும்போது மாசிக் கருவாடு கொண்டாங்க அண்ணே. இங்க ஒரு கடையிலயும் மாசி இல்ல.”

எனக்காக அவள் இறங்கி வந்துவிட்டாள். அவள் இறங்கி வந்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கண்டிக்கு நானும் மனைவியும் மகியங்கனை வழி பஸ்ஸில் போனோம். விசா ஆபீஸ் அங்கேதான். அந்தப் பாதையில் பதினெட்டு வளைவு இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் மனைவி என்னைக் கேட்டாள்.

“யாரப் பாக்கப் போறீங்க?”

“தங்கச்சிய.”

“அவங்களுக்கு என்ன?”

“இடுப்பு எலும்பு.”

“யாருக்கு?”

“தங்கச்சிக்கு.”

பத்தாவது வளைவில் அவள் தலை சுற்றிப் பையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்தது ஒரு பெண். கண்ணாடி போட்ட, அமைதியான முகம். தமிழில் பேசினார்.

“யாரைப் பார்க்கப் போறீங்க ஐயா?”

“தங்கச்சியைங்க. இடுப்பு எலும்பு ஒடஞ்சு படுத்திருக்கு.”

சரியாகச் சொல்லிவிட்டேன். மனைவி பக்கத்தில் மூச்சு விட்டாள். அந்த அம்மா கடிதத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பாரத்தில் ஏதோ கோடு போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நல்ல மனசு போலிருக்கிறது, “பார்த்து எவ்வளவு காலம் ஆச்சு?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

அதைக் கேட்டால் நான் என்ன செய்வேன்? ஐம்பது வருடத்துக்கு மேலே என்றேன். பதுளை ஸ்டேஷன் என்றேன். அம்மிக்கல்லைச் சொன்னேன். “எல்லாரும் அழுதாங்க, அக்கா மட்டும் அழாம, பருப்ப எறக்குடான்னு…” என்று சொல்லும்போது மனைவி என் காலை மிதித்தாள்.

“இப்ப அக்கான்னு சொன்னீங்களே?” என்றார் அந்த அம்மா.

மனைவி முந்திக்கொண்டாள். “எங்க பக்கத்துல தங்கச்சியவும் மரியாதைக்கு அக்கான்னுதாங்க கூப்பிடுவோம்.”

“நான் மதுரைப் பக்கம்தாம்மா. உங்க பேச்சும் எங்க பேச்சு மாதிரிதான் இருக்கு. அப்படியெல்லாம் யாரும் கூப்பிட மாட்டாங்க.”

விசா இல்லை, இனி அக்காவைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். அது முடிவாகிப்போனபிறகு பொய்க்கு என்ன வேலை? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன், காய்ச்சல், தகரப்பெட்டி, பெரட்டுக்களம், இப்போது மாற்றிய கடிதம் வரைக்கும். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த அம்மா குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் கடிதத்தில் இருந்த நம்பரைப் பார்த்துப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

அக்காவின் மகள் எடுத்து அக்காவிடம் கொடுத்தாள்.

“அம்மா, கண்டி விசா ஆபீஸ்ல இருந்து பேசறோம். இங்க ஒருத்தர் வந்திருக்கார். உங்களுக்கு அவர் என்ன வேணும்?”

“எங்க அண்ணன்ங்க. கூடப்பொறந்த மூத்தவரு.” குரல் கணீரென்று வந்தது.

“நிச்சயமா அண்ணன்தானா?”

“என்னங்க இப்படிக் கேக்குறீங்க? என்னைய எடுத்து வளத்தவருங்க. இடுப்புலயே வச்சிருப்பாரு. கீழ எறக்கி விடவே மாட்டாரு.”

என்னால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, போதும். நான் உள்ளதச் சொல்லிட்டேன்.”

“என்னது?” என்றாள் மெதுவாக.

“சொல்லிட்டேன்க்கா. எல்லாத்தையும்.”

“அடப் பாவிப்பயலே! அண்ணன்னு சொல்லு அண்ணன்னு சொல்லுன்னு என் உசுர வாங்கிட்டு, நான் இங்க எந்திரிக்க மாட்டாமப் படுத்துக்கிட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டுக் கெடக்கேன், நீ அங்க போயி ஒளறிட்டு நிக்கிறியா? எப்பவுமே உன் வாயில ஒண்ணு நிக்காதுடா! புள்ள மடுவத்துல சீனி திருடித் தின்னது நீ, புள்ள பாக்குற ஆயாம்மா கேட்டதும் வாயத் தொறந்து காட்டினதும் நீ, அடி வாங்கினது நானு! இப்ப உனக்கு அறுபத்தெட்டு வயசு, இன்னும் உனக்குப் புத்தி வந்துச்சா? பக்கத்துல உன் பொஞ்சாதி நிக்கிறாளா? அவகிட்டக் குடு போன!”

அடுத்த கவுண்டரில் இருந்தவர் எழுந்து பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. போனை வைத்தபிறகுதான் கைக்குட்டையை எடுத்தார்.

“அக்காதான்,” என்றார். “தங்கச்சி யாரும் இப்படித் திட்ட மாட்டாங்க.”

பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு சொன்னார். பாஸ்போர்ட்டில் உள்ள வயதில் அவரால் கை வைக்க முடியாதாம். ஆனால் உறவு முறையில் பொய் எழுதிக் கொடுக்கக் கூடாது. நடந்ததைச் சமாதான நீதவான் ஒருவர் முன்னால் உண்மை என்று சத்தியம் செய்து, சத்தியக்கடதாசியாக எழுதி, தம்பி என்று எழுதிய பழைய கடிதத்தோடு கொண்டுவரச் சொன்னார். விசா கிடைக்குமா கிடைக்காதா என்று மேலே இருக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்றார்.

பதுளையில் சமாதான நீதவானாக இருந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், நான்காம் வயதில் இறந்தான், அவனுடைய பேரும் பிறந்த நாளும் என்னால் பாவிக்கப்பட்டு வருகின்றன என்று எழுதி வாசித்துக் காட்டினார். அண்ணன் செத்தான் என்று ஒரு கடுதாசியில் எழுதியது அதுதான் முதல் தடவை. அறுபத்தெட்டு வருடத்துக்கு மேலாக யாரும் எழுதாதது.

“உங்க சொந்தப் பேரு என்ன?” என்று கேட்டார்.

“சின்னவன்னுதாங்க கூப்பிடுவாங்க.”

“அது பேரு இல்லையே.”

“வேற வைக்கலைங்க.”

அவர் பேனாவைக் கொடுத்தார். நான் அண்ணனின் பேரில் கையெழுத்துப் போட்டேன். அவன் செத்துவிட்டான் என்பதற்கு அவன் பேரிலேயே கையெழுத்து.

மூன்று வாரம் கழித்து விசா வந்தது. முப்பது நாள்.

கூடலூரில் அக்கா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். வெளியே அங்கேயும் தேயிலைதான். போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போல. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன இடங்கள் இன்னும் போகவில்லை.

முப்பது நாளும் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். மாசியை இடித்துச் சம்பல் அரைத்து ரொட்டியோடு பிய்த்துக் கொடுத்தேன். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றாள். லயத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தக் காம்பராவில் யார் என்று வரிசையாகக் கேட்டாள். பாதிப் பேர் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் சத்தியக்கடதாசியின் நகலை வாசிக்கச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். கேட்டுவிட்டு, “நம்ம மூணு பேருன்னு இப்பத்தான் எழுதியிருக்கு” என்றாள்.

கடைசி நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வந்துவிட்டது.

“போயிட்டு வாரேன்க்கா,” என்றேன்.

“எப்ப?” என்றாள் அக்கா.

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, பையைக் கீழே வைத்து, கட்டிலில் உட்கார்ந்தேன்.